பேச்சுக் குமிழியில் தமிழ்: முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களின் மொழிபெயர்ப்பும் தலைமுறை கடந்த வாசிப்பும்

1. முன்னுரை

1972ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'இரும்புக்கை மாயாவி' என்னும் கதையைத் தாங்கிச் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இதழின் முதல் வெளியீடு வந்தது. சிறுவர்க்கெனத் தொடங்கப்பெற்ற அவ்விதழ் 2022இல் ஐம்பது ஆண்டுகளைக் கண்டது. அதன் உடன்பிறப்பாகிய லயன் காமிக்ஸ் 1984இல் தோன்றி 2024இல் நாற்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. தமிழில் சிறுவர் இதழ்கள் பல தோன்றி மறைந்துள்ளன. அவற்றிடையே, தந்தை படித்த கதையை மகனும் படிக்கும் நிலை இவ்விதழ்களுக்கு வாய்த்தமை ஆராயத்தக்கது.

இந்நிலைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் இளமை நினைவு என்பதாகும். பள்ளிப் பருவத்தில் படித்ததை முதுமையிலும் நாடுவது மனித இயல்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்காரணம் மட்டும் போதாது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதனினும் மிகுதியான வீடுகளில் நேசிக்கப்பட்டது. எனினும் 2010களின் தொடக்கத்தில் அது நின்றது. 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய பூந்தளிர் இன்றும் அன்போடு நினைக்கப்படுகிறது; ஆயினும் அது நீடிக்கவில்லை. இளமை நினைவு ஓர் இதழைக் காக்குமெனின் இவையும் காக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேலும், லார்கோ வின்ச், தோர்கல் முதலிய தொடர்கள் 2012க்குப் பின்னரே இவ்விதழ்களின் வழித் தமிழுக்கு வந்தவை. எவருடைய இளமையிலும் இடம்பெறாத இந்நாயகர்களைப் பழைய வாசகர்கள் ஏற்றுக்கொண்டதற்கு நினைவு காரணமாகாது.

கதைகளும் ஓவியங்களும் பிற நாட்டினருடையவை. இவ்விதழ்களுக்கே உரியது என்று சொல்லத்தக்கது அவற்றின் தமிழ் ஒன்றே. எனவே இவ்வாசிப்பு நீடித்தமைக்கான காரணத்தை அத்தமிழில் தேடுவதே முறையாகும். பெயரிடல், தலைப்பாக்கம், உரையாடல் நடை, ஒலிக்குறிப்பு ஆகிய நான்கு நிலைகளில் அத்தமிழை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அத்தமிழ் அடுத்த தலைமுறையிடம், குறிப்பாக மராட்டிய மாநிலத்து ரஞ்சன்காவ் போன்ற ஊர்களில் வளரும் தமிழ்ச் சிறுவரிடம், சென்று சேருமா என்னும் வினாவையும் இறுதியில் எழுப்புகிறது.

2. இதழ்களின் வரலாறு

முத்து காமிக்ஸை நிறுவியவர் மு. சௌந்தரபாண்டியன். அதன் தொடக்கக்கால ஆசிரியர் முல்லை தங்கராசன். நாட்காட்டிக்கும் தீப்பெட்டிச் சிட்டைக்கும் பெயர்பெற்ற சிவகாசி அச்சுத் தொழிலின் நடுவே இவ்விதழ் பிறந்தது. பிரித்தானிய வார இதழ்களில் வெளிவந்த வீரதீரக் கதைகளே அதன் முதல் மூலங்கள். வேலியன்ட் என்னும் வார இதழில் 1962 முதல் வெளியான 'தி ஸ்டீல் கிளா' என்பதே தமிழில் இரும்புக்கை மாயாவி ஆயிற்று. இதன் தொடக்கக்கால ஓவியர் எசுப்பானிய நாட்டவரான எசுஸ் பிளாஸ்கோ. மாயாவி, லாரன்ஸ் - டேவிட் இணை, ஜானி நீரோ ஆகியோரை வாசகர்கள் பிற்காலத்தில் 'மும்மூர்த்திகள்' என்றே வழங்கலாயினர்.

1984 சூலையில் எஸ். விஜயன் பொறுப்பில் 'கத்தி முனையில் மாடஸ்டி' என்னும் கதையுடன் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதே திங்களில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்ட் கதையாகிய 'அழகியைத் தேடி'யுடன் வெளிவந்தது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயன், பிரித்தானிய மூலங்களோடு அமையாமல் இத்தாலிய டெக்ஸ் வில்லர், பெல்ஜிய லக்கி லூக் முதலியோரையும் தமிழுக்குக் கொணர்ந்தது. இடையில் தளர்வுற்ற வெளியீடு 2012 சனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்னும் இதழுடன் வண்ணப் பதிப்பாக மறுமலர்ச்சி பெற்றது.

ஆகவே இவ்வரலாற்றில் மூலங்கள் மாறின. தாளும் அளவும் விலையும் மாறின. கறுப்பு வெள்ளை வண்ணமாயிற்று. மாறாது தொடர்ந்தது ஒரு மொழிபெயர்ப்பு மரபே எனலாம்.

3. பெயரிடல்

3.1 'தி ஸ்டீல் கிளா' என்னும் ஆங்கிலப் பெயர் ஒரு பொருளைச் சுட்டுகிறது; ஆளைச் சுட்டவில்லை. 'கிளா' என்பது விலங்கின் உகிர். அறுந்த கைக்கு மாற்றாகப் பொருத்தப்பட்ட செயற்கைக் கையை அச்சொல் அச்சத்திற்குரியதாக்குகிறது. தமிழ்ப் பெயர் மூன்று மாற்றங்களைச் செய்துள்ளது. எஃகு இரும்பாயிற்று; உகிர் கையாயிற்று; மூலத்தில் இல்லாத 'மாயாவி' என்னும் ஆட்பெயர் சேர்ந்தது. 'எஃகு' சொல்லளவில் துல்லியமானது. எனினும் இரும்பு மனம், இரும்புப் பிடி எனத் தமிழர் பேச்சில் உறுதிக்கு உவமையாக வழங்குவது இரும்பே. 'கை' என்றதனால் விலங்குத் தன்மை நீங்கி மனிதத் தன்மை மிகுந்தது.

'மாயாவி' என்னும் சேர்க்கை இவற்றினும் சிறப்புடையது. மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிய நிற்பதே கதையின் அடிப்படை. ஆங்கிலப் பெயரில் தெரிவது மட்டும் உள்ளது, மறைவது இல்லை. 'இரும்புக்கையை உடைய மாயாவி' என விரியும் இவ்வேற்றுமைத் தொகையில் தெரிவதும் மறைவதும் ஒருங்கே அமைந்துள்ளன. இராமாயணத்தில் வாலியோடு பொருத அசுரனின் பெயரும் மாயாவி என்பதே. தீமையோடு தொடர்புடைய அச்சொல், தொடக்கத்தில் குற்றவாளியாகவும் பின்னர் நிழற்படையின் உளவாளியாகவும் வரும் நாயகனுக்குப் பொருந்துவதாயிற்று. மூலத்தை விஞ்சிய மொழிபெயர்ப்பு என்று கூறத்தக்க சிலவற்றுள் இஃது ஒன்று.

3.2 அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் படைத்த 'பேண்டம்' என்னும் நாயகன் தமிழில் இரு பெயர்களைப் பெற்றான். முத்து, லயன் வெளியீடுகளில் அவன் 'வேதாளர்'. ராணி காமிக்ஸில் 'மாயாவி'. இதன் விளைவாக ஒரே காலத்துத் தமிழ்ச் சிறுவரிடையே 'மாயாவி' என்பது இரு வேறு ஆட்களைக் குறித்தது. பதிப்பகப் போட்டி ஒரு சொல்லின் பொருளைப் பிளந்த நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

'வேதாளர்' என்பதில் உள்ள 'அர்' ஈறு நோக்கத்தக்கது. தமிழர்க்கு வேதாளம் என்பது விக்கிரமாதித்தன் கதையில் முருங்கை மரத்தில் தொங்கும் அஃறிணைப் பொருள். அதனை நாயகனாக்கத் திணையையும் மாற்ற வேண்டும். மதிப்பையும் ஏற்ற வேண்டும். உயர்திணை ஒருமைக்கு மதிப்புத் தரும் 'அர்' ஈறு இவ்விரண்டையும் ஒருங்கே செய்தது. மராட்டிய மாநிலத்தில் இத்தேவை எழவில்லை. பம்பாயிலிருந்து 1964 முதல் 1990 வரை வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ் 'வேதாள்' என்னும் பெயரை அப்படியே வழங்கியது. அங்கு வேதாள் என்பது ஊரைக் காக்கும் தெய்வமும் ஆகும். புணே நகரின் குன்றொன்று வேதாள் டேக்டி என்றே அழைக்கப்படுகிறது. காட்டு மக்களைக் காக்கும் நாயகனுக்குக் காவல் தெய்வத்தின் பெயர் இயல்பாகவே பொருந்தியது. ஒரே வடசொல் இரு மொழிகளுக்குள் சென்றபோது, ஒரு மொழியில் பண்பாடே நிறைவேற்றிய பணியை மற்றொரு மொழியில் ஓர் ஈறு நிறைவேற்ற வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்க வேறுபாடு இது.

3.3 ஐரோப்பியப் பெயர்களில் சொல்விளையாட்டு மிகுதி. கோசினியும் தபாரியும் 1962இல் படைத்த தீய அமைச்சன் 'இஸ்னோகுட்', 'நல்லவன் அல்லன்' என்னும் ஆங்கிலத் தொடரின் ஒலியைத் தன் பெயரில் கொண்டவன். தமிழில் அவன் 'மதியில்லா மந்திரி'. மோனை நயத்தால் இப்பெயர் நாவில் நிற்கிறது. ஆனால் பொருள் இடம் பெயர்ந்துள்ளது. மூலம் அவனது தீமையைச் சுட்ட, தமிழ் அவனது அறியாமையைச் சுட்டுகிறது. அவன் செய்யும் சூழ்ச்சிகள் யாவும் அவன் தலையிலேயே வந்து விழுவதால் இம்மாற்றம் கதைக்கு முரணாகவில்லை. ஆயினும் தீமை நகைப்பாக மட்டும் குறைந்துவிடும் இழப்பு நேர்ந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை.

'ரிக் ஓஷே' என்னும் பிரெஞ்சுப் பெயர், எதிரில் மோதித் தெறிக்கும் குண்டைக் குறிக்கும் சொல்லின் பிளவு. தமிழில் இது 'ரிப்போர்ட்டர் ஜானி' ஆயிற்று. சொல்விளையாட்டு முழுதும் கைவிடப்பட்டது. முத்து வாசகர் ஏற்கெனவே ஜானி நீரோ என்னும் ஒருவனை அறிந்திருந்தமையால், தொழிற்பெயரை முன்னடையாக இட்டு இருவரையும் வேறுபடுத்த வேண்டிய தேவையும் இப்பெயரில் அடங்கியுள்ளது. 'புளூபெரி' என்னும் போர்வீரன் 'கேப்டன் டைகர்' ஆனதும் இத்தகையதே. தமிழ்ச் சிறுவன் அறியாத ஒரு பழத்தின் பெயர் வீரனுக்கு ஒவ்வாது எனக் கருதப்பட்டது. மூலத்தில் பெயருக்கும் ஆளுக்கும் இடையே வேண்டுமென்றே வைக்கப்பட்ட முரண் இதனால் மறைந்தது. இங்கு மொழிபெயர்ப்பாளர் வாசகனை நம்பாமல் விட்டார் என்றே கருத வேண்டியுள்ளது.

4. தலைப்பாக்கம்

தலைப்புகளே இவ்விதழ்களின் தனித் தமிழ் இலக்கணம் எனலாம். 'காற்றில் கரைந்த கப்பல்கள்', 'பனிக்கடலில் பயங்கர எரிமலை', 'கொலைகாரக் குள்ளன்' முதலியவற்றில் மோனை முறையாக ஆளப்பட்டுள்ளது. 'உறைபனி மர்மம்', 'மஞ்சள் பூ மர்மம்', 'பவளச் சிலை மர்மம்' முதலியவற்றில் 'மர்மம்' என்பது தலைமைப் பெயராக நிலைபெற்று, முன்னுள்ள அடை மட்டும் மாறி வருகிறது. எந்தப் பொருளையும் முன்னிட்டு ஒரு கதையை உருவாக்கும் வாய்பாடாக இது இயங்கியது.

'தலை வாங்கிக் குரங்கு' என்னும் டெக்ஸ் வில்லர் கதைத் தலைப்பு 1985இல் வந்தது. இடிதாங்கி, சுமைதாங்கி என்பன போல வினையடியோடு இகர ஈறு சேர்ந்து வினைமுதற்பெயராகும் தமிழ் ஆக்கமுறை இதில் உயிர்ப்புடன் செயற்பட்டுள்ளது. 'தலையை வாங்குதல்' என்னும் மரபுத்தொடர் உருவகப் பொருளை விட்டு நேர்ப்பொருளுக்குத் திரும்பியமையே இத்தலைப்பின் அச்சத்திற்குக் காரணம்.

'எக்ஸ் ஐ ஐ ஐ' என்னும் உரோமானிய எண்ணைப் பெயராகக் கொண்ட பெல்ஜியத் தொடர் 1984இல் தொடங்கியது. நினைவிழந்த ஒருவன் தன் கழுத்தருகே பச்சை குத்தப்பட்ட எண்ணை மட்டும் கொண்டு தன்னைத் தேடுவதே கதை. தமிழில் இது 'இரத்தப் படலம்'. படலம் என்னும் சொல் கண்ணில் படரும் திரையையும் குறிக்கும். காப்பியத்தின் உட்பிரிவையும் குறிக்கும். இரத்தத்தாலான திரை, இரத்தத்தில் எழுதிய காண்டப் பகுதி என இரு பொருளும் நினைவிழந்தவன் கதைக்கு ஏற்றனவே. எண்ணொன்றைத் தமிழாக்க இயலாத நிலையில் கதையின் பொருளையே தலைப்பாக்கிய நல்ல முயற்சி இது. 2010இல் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தபோதும் இப்பெயரே நிலைத்தது.

லக்கி லூக் கதையொன்று 'ஜேன் இருக்க பயமேன்' என்னும் தலைப்பைப் பெற்றது. முருகன் படங்களின் கீழ்ப் பல்லாண்டுகளாக அச்சிடப்பட்டு வரும் அபய வாசகத்தின் ஒலியை இது ஏற்றுள்ளது. நாட்காட்டி அச்சிடும் சிவகாசியில் பிறந்த இதழுக்கு இவ்விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. துப்பாக்கி ஏந்திய அமெரிக்கப் பெண்ணொருத்தியைத் தமிழ் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தோடு இணைத்துச் சிரிக்க வைப்பது சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறையால் ஆகாதது. சூதாட்ட எந்திரத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை 'ஒற்றைக்கைப் பகாசுரன்' என்று ஆக்கியதும் இவ்வகையினதே. காசை விழுங்கும் எந்திரத்திற்கு வண்டிச் சோற்றை விழுங்கிய பாரத அரக்கன் நிகராக வைக்கப்பட்டான்.

இத்தலைப்புகளில் வடசொல் மிகுதி என்பது தனித்தமிழ் நோக்கில் எழுப்பப்படக்கூடிய குறை. நாசம், பயங்கரம், மர்மம், சைத்தான் எனப் பிறமொழிச் சொற்கள் பெருகியிருப்பது உண்மையே. ஆயின் இச்சொற்களின் இடம் வரையறைக்குட்பட்டது. அட்டையிலும் அறிவிப்பிலும் 'ஸ்பெஷல்', 'ஹாட்லைன்' என ஆங்கிலம். தலைப்பில் பெரும்பாலும் வடமொழி. உரையாடலின் வினைகளில் தமிழ் என மூவடுக்காக இம்மொழி அமைந்துள்ளது. வணிகம், அச்சம், செயல் ஆகிய மூன்று பணிகளுக்கும் மூன்று சொல்வளங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் சமுதாயம் பிற துறைகளிலும் மேற்கொண்டுள்ள பகிர்வின் சிறுவடிவமே இது.

5. உரையாடல் நடை

5.1 தமிழ் இரட்டை வழக்கு மொழி. படக்கதையின் பேச்சுக் குமிழியோ அச்சில் இருக்கும் பேச்சு. எனவே எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா என்னும் வினா ஒவ்வொரு குமிழியிலும் எழுகிறது. நாவலாசிரியர் கூற்றை எழுத்து வழக்கிலும் உரையாடலைப் பேச்சு வழக்கிலும் அமைத்து இச்சிக்கலைத் தீர்ப்பார். படக்கதையில் கூற்றுக்கு இடம் மிகக் குறைவு.

இவ்விதழ்கள் பெரிதும் கைக்கொண்டது ஓர் இடைநிலை நடை. வினைவடிவங்கள் எழுத்து வழக்கின; தொடரமைப்பு பேச்சு வழக்கினது. விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட தொடர்களால் இதனைக் காட்டலாம். 'அவன் தப்பிச்சிட்டான்டா' என்பது முழுப் பேச்சு, 'அவன் தப்பித்துச் சென்றுவிட்டான்' என்பது முழு எழுத்து, 'தப்பிவிட்டான்... விடாதே, பிடி!' என்பது இவ்விதழ்களின் நடை. எழுவாய் நீங்குகிறது, தொடர்கள் ஏவலாகவும் விளியாகவும் வியப்பாகவும் துண்டுபடுகின்றன, வினைமுற்றின் வடிவம் மட்டும் கலையாமல் நிற்கிறது. நகைச்சுவைக் கதைகளில் பேச்சு வழக்கு கூடுதலாக இடம்பெற்றாலும் வீரதீரக் கதைகளின் அடிப்படை இதுவே.

இந்நடை எந்த வட்டாரத்திற்கும் உரியதன்று. நெல்லைச் சிறுவனும் தஞ்சைச் சிறுவனும் கொழும்புச் சிறுவனும் ஒன்றுபோல் படிக்க இயன்றமைக்கும், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பழமை தோன்றாமைக்கும் இதுவே காரணம். வட்டாரப் பேச்சு விரைவில் தேதியிடப்பட்டுவிடும். முழு எழுத்து நடை தொடக்கத்திலேயே அந்நியமாகும். இரண்டிற்கும் இடையே நின்ற நடையே காலத்தைக் கடந்தது. இவ்விதழ்களின் நீடிப்பிற்கு முதன்மைக் காரணமாக இக்கட்டுரை கருதுவது இதனையே.

5.2 குமிழியின் அளவு ஓவியரால் முன்பே வரையப்பட்டுவிட்டது; மொழிபெயர்ப்பாளர் அதனை விரிக்க இயலாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இஃது இடர் எனத் தோன்றும். ஆயினும் தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றைத் தன் ஈற்றிலேயே கொண்டிருப்பதால் இடர் பாதியாகக் குறைகிறது. 'ஹீ இஸ் கெட்டிங் அவே' என்னும் நான்கு சொற்களுக்கு 'தப்பி ஓடுகிறான்' என்னும் இரு சொற்கள் போதும். ஆணா பெண்ணா என்பதும் இழக்கப்படவில்லை. படம் எழுவாயைக் காட்டுகிறது. ஈறு அதனை உறுதி செய்கிறது. ஒட்டுநிலை மொழி படக்கதைக்கு ஏற்றதே என்பதற்கு இஃது ஒரு சான்று.

5.3 ஆங்கிலத்தின் முன்னிலை ஒன்றே. தமிழிலோ 'நீ', 'நீங்கள்' எனப் பிரிக்காமல் ஒரு குமிழியையும் நிரப்ப இயலாது. டெக்ஸ் வில்லரைவிட மூத்தவராகத் தோன்றும் தோழர் கார்சனோடு அவர் பேசும்போது எது வரவேண்டும், குற்றவாளி காவலனிடம் எதைச் சொல்வான், பெண் உளவாளி மேலதிகாரியிடம் எவ்வாறு பேசுவாள் என்பனவற்றையெல்லாம் மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்கிறார். பிரெஞ்சு, இத்தாலிய மூலங்களில் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கில வழியே வரும்போது அது மறைகிறது. தமிழில் மீண்டும் தோற்றுவிக்கப்பட வேண்டியதாகிறது. அவ்வாறு தோன்றுவது மூலத்தின் உறவுமுறையன்று; தமிழ்க் குடும்பத்தின் உறவுமுறை. அயல்நாட்டு நாயகர்கள் அண்டை வீட்டாராகத் தோன்றியதன் இலக்கண அடிப்படை இங்கே உள்ளது.

6. ஒலிக்குறிப்பு

இரட்டைக் கிளவி பிரிந்து நில்லாது என்பது தொல்காப்பிய வரையறை. தமிழின் ஒலிக்குறிப்புச் சொற்கள் 'என', 'என்று' என்னும் இடைச்சொல்லைச் சார்ந்தே பெரும்பாலும் தொடரில் இடம்பெறும். படக்கதையில் இவை தனித்து, இடைச்சொல் இன்றி, படத்தின் பகுதியாகவே நிற்கின்றன. 'டுமீல்', 'டமால்', 'ணங்' போன்ற வடிவங்கள் மொழிமுதல் எழுத்து விதியை மீறுபவை; ட, ண ஆகியன தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. 'க்ரீச்', 'விர்ர்ர்' போன்றவை மெய்மயக்க விதியை மீறுபவை.

இம்மீறல்கள் குறையாகா. ஒலியைச் சொல்லாக்காமல் ஒலியாகவே வைக்க முயலும்போது மொழி தன் எல்லையில் நின்று செயற்படுகிறது. ஒலியனியல் ஆய்வாளர்க்கு இவை அரிய தரவு. எந்த விதியைத் தமிழ்ப் பேச்சாளர் எளிதில் மீறுவர், எதனை மீறத் தயங்குவர் என்பதை ஐம்பதாண்டுக் காலத் தொடர்ச்சியோடு காட்டும் வேறு அச்சுத் தரவு எளிதில் கிடைப்பதன்று. வண்ணப் பதிப்புகளில் மூல ஓவியத்தோடு கலந்துவிட்ட உரோமன் எழுத்து ஒலிகளை அழித்துத் தமிழில் வரைவதா, அப்படியே விடுவதா என்பது பதிப்பியல் வினாவாகத் தோன்றினாலும் அடிப்படையில் மொழிபெயர்ப்பு வினாவே.

7. அடுத்த தலைமுறை

மேற்கூறிய நடை தலைமுறைகளைக் கடந்தது என்பது, அத்தலைமுறைகள் தமிழ் எழுத்து வழக்கைப் பள்ளியில் கற்றவை என்னும் அடிப்படையில் மட்டுமே உண்மையாகும். இவ்வடிப்படை இன்று எல்லா இடத்தும் இல்லை.

ரஞ்சன்காவ் புணே மாவட்டத்தின் சிரூர் வட்டத்தில், புணேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். அட்ட விநாயகர் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலாலும் அதனருகே வளர்ந்த பெருந்தொழிற்பேட்டையாலும் அறியப்படுவது. இத்தகைய ஊரில் வளரும் தமிழ்ச் சிறுவன் வீட்டில் தமிழ் கேட்கிறான். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறான். 'போறான்' என்பதை அவன் அறிவான். 'போகிறான்' என்பதை அறியான். அவனுக்குத் தமிழ் எழுத்தைத் தந்தையோ தாயோ கற்பித்தாலும், கற்ற எழுத்தைக் கொண்டு படிக்கத் தொடங்கியவுடன் தான் பேசும் தமிழ் அங்கு இல்லை என்பதைக் காண்கிறான். வேற்று மாநிலத்திலும் வேற்று நாட்டிலும் வளரும் தமிழ்ச் சிறுவர் பலர் எழுத்தைக் கற்றும் வாசிப்பைக் கைவிடும் இடம் இதுவே.

படக்கதையின் இடைநிலை நடை இவ்விடத்தில் பாலமாகக்கூடியது. தொடரமைப்பு அவன் பேச்சினது. சொல்வடிவம் மட்டும் புதியது. அதன் பொருளைப் படம் விளக்குகிறது. 'ஓடுகிறான்' என்னும் சொல்லின் மேலேயே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான். பாடநூல் இவ்வுதவியை இவ்வளவு அடர்த்தியாகத் தர இயலாது. வேதாளைத் தெய்வமாக அறிந்த ஊர்ச் சூழலில் வளரும் சிறுவன் 'வேதாளர்' என்னும் தமிழ்ப் பெயரைக் காணும்போது, இரு மொழிகளுக்கிடையே தானே ஒரு சொல்லைக் கண்டெடுக்கிறான்.

ஆயின் இவ்விதழ்களின் இன்றைய போக்கு இச்சிறுவனை நோக்கியதாகப் பெரிதும் இல்லை. இரத்தப் படலம் போன்ற தொடர்கள் முதிர்ந்த வாசகர்க்குரியவை. உயர்ந்த தாள், வண்ண அச்சு ஆகியவற்றோடு விலையும் உயர்ந்தது. விற்பனை பெரிதும் சந்தாவையும் புத்தகக் காட்சிகளையும் சார்ந்தது. பேருந்து நிலையக் கடையில் சிறுவன் தானே கண்டு, தன் கைக்காசில் வாங்கிய இதழ், இன்று தந்தை தேடி வரவழைக்கும் இதழாக மாறியுள்ளது. இதழ் தன் வாசகனோடு சேர்ந்து வளர்ந்தது. அதனால் அவனை இழக்கவில்லை. ஆனால் அவன் விட்டுச் சென்ற சிறுவனின் இடம் நிரப்பப்பட்டதா என்பது வேறு வினா. தலைமுறை கடந்த வாசிப்பு என்று போற்றப்படுவதில் ஒரே தலைமுறையின் நீண்ட வாசிப்பு எவ்வளவு, உண்மையான கையளிப்பு எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் திறனாய்வின் கடன்.

8. மறுபதிப்பும் பழைய மொழியும்

பழைய கதைகள் மறுபதிப்பாகும்போது அன்றைய தமிழை அப்படியே வைப்பதா, திருத்துவதா என்னும் சிக்கல் எழுகிறது. மூத்த வாசகர்க்கு ஒரு சொல் மாறினும் கதையே மாறியதாகத் தோன்றும். புதிய வாசகர்க்குச் சில வடிவங்கள் தடையாகலாம். இரு தரப்பும் முன்வைப்பது சுவை பற்றிய வாதம். ஆய்வு நோக்கில் இதற்கு வேறொரு விடை உண்டு.

1970களின் முத்து காமிக்ஸ் தமிழ் ஒரு வரலாற்றுச் சான்று. அதனைத் திருத்தி முதற்பதிப்பின் இடத்தில் வைப்பது சான்றை அழிப்பதாகும். முதற்பதிப்பின் மொழியை ஆண்டுக் குறிப்போடு பாதுகாத்தலும், தேவையெனில் புதிய பெயர்ப்பைப் புதியது என்றே அறிவித்து வெளியிடுதலும் முறையாகும். மொழிபெயர்த்தவர் பெயரும் ஒவ்வொரு கதைக்கும் குறிக்கப்பட வேண்டும். ஒரு கவிதைத் தொகுப்பின் மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் இடத்தைக் குமிழிகளை நிரப்பியவருக்கு மறுப்பதற்கு மொழியியலில் நியாயம் இல்லை.

பழைய இதழ்கள் மலிவான தாளில் அச்சானவை. இன்று பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர் பேணுதலில் உள்ளவை. சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஒரு தனி மனிதரின் சேகரிப்பு ஆய்வு நிறுவனமாக முடியும் என்பதையும், வெகுசன அச்சுப் பொருள்கள் ஆய்வுக்குரியவை என்பதையும் காட்டியுள்ளது. சங்க இலக்கியத்திற்கும் செய்தித்தாள் மொழிக்கும் தரவகம் அமைக்கும் மொழி நிறுவனங்கள், படக்கதைத் தமிழுக்கும் ஒரு தரவகம் அமைத்தல் இயல்வதே. கதை, ஆண்டு, மூலமொழி, குமிழி, கூற்று, ஒலிக்குறிப்பு எனக் குறியிட்டுத் தொகுத்தால், இரட்டை வழக்கின் இடைநிலை பற்றி ஊகமாகக் கூறப்படுவன பலவற்றை எண்ணிக் காட்ட இயலும்.

9. முடிவுரை

முத்து, லயன் இதழ்களின் நீடித்த ஈர்ப்பு, கடன் பெற்ற கதைகளுக்குச் சொந்தமான ஒரு தமிழை அமைத்ததில் உள்ளது. அத்தமிழ் சில இடங்களில் மூலத்தை விஞ்சியது. 'இரும்புக்கை மாயாவி', 'இரத்தப் படலம்' ஆகியன சான்று. சில இடங்களில் மூலத்தைச் சுருக்கியது; 'கேப்டன் டைகர்' சான்று. எல்லா இடங்களிலும் அது வட்டாரம் கடந்த, காலம் தாங்கும் நடையைப் பேணியது. பாடநூலும் இலக்கியமும் நிறுவ முயன்று முழுதும் நிறுவாத பொதுத்தமிழ் ஒன்றைச் சிவகாசியின் சிறு வெளியீடு அரை நூற்றாண்டு காலம் அமைதியாக வழங்கி வந்துள்ளது.

அந்நடையைப் பயன்படுத்தி எட்டு வயதுச் சிறுவர்க்கெனக் குறைந்த விலையில் வெளியிடப்படும் கதைகள் மீண்டும் பெருகுமாயின், தமிழ்ப் பள்ளி இல்லாத ஊர்களிலும் தமிழ் வாசிப்புத் தொடரும். அவை வாராவிடின், இப்போதைய வாசகரின் காலத்தோடு இத்தமிழ் சேகரிப்பாளரின் பெட்டிக்குள் சென்றடையும். இவ்விரண்டினுள் எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது பதிப்பாளர் மட்டும் அல்லர். இத்தமிழை இதுகாறும் மொழியாகவே எண்ணாதிருந்த கல்வித்துறையும் ஆகும்.